தளத்தைக் கேட்டுவிட்டுத் தரையைத் தேர்ந்தெடு

அணுசக்தி நகர்,
மும்பை.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. வாட்ஸப்பில் நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. தேக்கு நிறத்தில் ஒரு லேமினேட் மரத்தரை, வெள்ளை மார்பிள், நாலடிக்கு இரண்டடியில் பளபளக்கும் டைல்ஸ். "மூணுல எது மாமா நல்லாருக்கும்?" என்று கேட்டிருந்தாய். செம்பூரில் நீ வாங்கியிருக்கும் கீழ்த்தள வீட்டுக்கும், அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உன் கொழுந்தனார் வாங்கியிருக்கும் வீட்டுக்கும் ஒரே கான்ட்ராக்டர், ஒரே டிசைன், சேர்த்துச் செய்தால் விலை குறைப்பார் என்றும் எழுதியிருந்தாய். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரமில்லை. மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஒரே டிசைன்" யோசனையைக் கொஞ்சம் நிறுத்தி வை. கட்டடம் ஒன்றுதான். ஆனால் உன் வீட்டுத் தளம் மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கொழுந்தனார் வீட்டுத் தளம் உத்தரங்களுக்கு நடுவே அந்தரத்தில் நிற்கிறது. உன் தளத்துக்குத் தொல்லை கீழிருந்து ஏறும் ஈரம். அவர் தளத்துக்குத் தொல்லை மேலே ஏற்றும் பாரம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரியப்போகிற அந்த அரை அங்குலத்தைக் கடையில் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்னால், அடியில் இருப்பது எதைத் தாங்கும், எதைக் கெடுக்கும் என்று தளத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்; மீதியெல்லாம் எப்படிக் கேட்பது என்பதற்கான விவரம்.

கான்கிரீட் இறுகியபின் கெட்டியாகத் தெரிந்தாலும் அதற்குள் நுண்துளைகள் ஏராளம். ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அது முழுக்க வினைபுரிந்து இறுகும்போது தன் எடையில் ஏறக்குறைய கால் பங்குத் தண்ணீரை, அதாவது 12 லிட்டர் போலத்தான், தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஆனால் கலவை இளகி அச்சுக்குள் இறங்க வேண்டும் என்பதற்காக 25 லிட்டராவது ஊற்றுவார்கள். ஊற்றுகிற கை தாராளமாக இருந்தால் இன்னும் கூடும். மிச்சத் தண்ணீரில் பெரும்பகுதி மெதுவாக ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடமும் போன தடமும்தான் அந்தத் துளைகள். வெளியே போன வழியில் உள்ளேயும் வரலாம். மண்ணில் இருக்கும் ஈரத்தை, திரி எண்ணெயை இழுப்பதுபோல, தளம் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும்.

உன் வீடு இருக்கும் நிலத்தையும் யோசித்துப் பார். டிராம்பே ஒரு காலத்தில் தனித் தீவு. செம்பூர் அந்தத் தீவின் வடமேற்கு மூலை. இடையில் கிடந்த சதுப்பைத் தூர்த்துத்தான் எல்லாம் ஒரே ஊராயிற்று. கிழக்கே தானே கிரீக்கின் உப்புத் தண்ணீர். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகிற மழை சராசரியாக 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இப்படிப்பட்ட ஊரில் பழைய கட்டடங்களின் கீழ்த்தளத்தை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே முரம் மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இடித்து, கருங்கல்லை அடுக்கி, அதன்மேல் நாலு அங்குலத்துக்கு ஜல்லிக் கான்கிரீட் போட்டு, கலவை பரப்பி மொசைக் பதித்தார்கள். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது இன்றைய வழக்கம். அந்தக் காலத்துக் கட்டடத்தில் அது இருக்கும் என்று நம்பி இறங்காதே.

"அப்படியானால் இத்தனை வருஷம் அந்த மொசைக் எப்படி ஒன்றும் ஆகாமல் கிடந்தது?" என்று கேட்பாய். ஈரம் அதன் வழியாக ஏறி வந்து காற்றில் கலந்து போய்க்கொண்டிருந்தது. தரையும் சிமெண்ட், அடியில் கலவையும் சிமெண்ட். நனைந்தால் இரண்டும் கெட்டுப்போவதில்லை. போகிற வழியை அடைத்தால்தான் சிக்கல். நீ கேட்கிற லேமினேட்டுக்குள் இருப்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. அதற்கு அடியில் ஒரு ஃபோம் ஷீட் வேறு விரிப்பார்கள். ஏறி வரும் ஈரம் அங்கேயே தங்கும். பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளிம்புகள்தான் முதலில் குடிக்கும். வெறுங்காலோடு நடந்தால் விளிம்பு எழும்பியிருப்பது பாதத்துக்குத் தெரியும். அறையை ஒரு வாரம் மூடி வைத்துத் திறந்தால் புழுங்கல் வாடை வரும். ஊதிய பலகை மறுபடி வற்றிப் பழைய கனத்துக்கு வராது. மாற்றத்தான் வேண்டும்.

இது ஆகஸ்ட் மாதம். சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஹாலில் ஓர் இடம், சமையலறையில் ஓர் இடம், வெளிச்சுவரை ஒட்டி ஓர் இடம், பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம் ஓர் இடம் என்று நாலு இடம் தேர்ந்துகொள். அங்கே ஒவ்வொரு மொசைக் கல்லைப் பெயர்த்து, கான்கிரீட் தெரிகிறவரை சுரண்டித் துடைக்கச் சொல். ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான, நிறமில்லாத பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு பகல் ஒரு இரவு விட்டுவிடு. மறுநாள் பிரிக்கும்போது கவனமாகப் பார். ஷீட்டின் மேல்பக்கத்தில் வியர்வை இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். அதைக் கணக்கில் எடுக்காதே. அடிப்பக்கத்தில் நீர்த்துளி நின்றாலோ, கான்கிரீட்டின் நிறம் மூடுவதற்கு முன் இருந்ததைவிடக் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது. ஷீட் காய்ந்திருப்பதை வைத்து மட்டும் மரத்தரைக்குச் சம்மதம் சொல்லிவிடவும் கூடாது. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கியிருக்கலாம். தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, உள்ளே ஈரப்பதமானியை வைத்து அளக்கும் முறை இருக்கிறது. மரமோ வினைலோ ஒட்டுவதாக இருந்தால் அந்த அளவு வேண்டும். டைல்ஸுக்கும் கல்லுக்கும் ஷீட் சோதனை போதும்.

சுவரையும் பார். தரையிலிருந்து ஓர் அடி, இரண்டடி உயரத்தில் பெயிண்ட் பொரிந்திருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? ஈரம் வரும்போது மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். தண்ணீர் காற்றில் போய்விடும்; உப்பு மேலே தங்கிவிடும். ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பை விரலால் தேய்த்தால் மாவாக வருவது அதுதான். நாலு பக்கச் சுவரிலும் ஒரே உயரத்துக்கு இருந்தால் நிலத்து ஓதம். ஒரே ஒரு சுவரில், அதுவும் பாத்ரூமை ஒட்டி மட்டும் இருந்தால், பழியை நிலத்தின்மேல் போடாதே. குழாயோ பாத்ரூம் தரையோ கசிகிறது. பாத்ரூமின் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, ஒரு நாள் கழித்துப் பார். கசிவை அடைக்காமல் ஹாலில் எதைப் போட்டாலும் வீண்செலவு. வெளியே போய்க் கட்டடத்தைச் சுற்றியும் ஒரு நடை நட. மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, காம்பவுண்டுத் தரைக்குப் பேவர் பிளாக் போட்டுப் போட்டு உன் வீட்டுத் தரை மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்களா? அது சொசைட்டி செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்ய வைத்தால் உன் செலவு பாதியாகக்கூடும்.

நிலத்து ஓதம்தான் என்று தெரிந்தால் இரண்டு வழி. ஒன்று, ஈரத்தோடு ஒத்துப்போகிற தரையைப் போடுவது: கல், டைல்ஸ், மொசைக். இன்னொன்று, தரையைப் பெயர்த்து, மண்ணை இறுக்கி, மணல் பரப்பி, 250 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை விரித்து, அதன்மேல் புதுக் கான்கிரீட் போடுவது. ஷீட்டின் துண்டுகள் ஓர் அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஓரங்கள் சுவரில் மேலேறி நிற்க வேண்டும். அதைக் கிழிக்காமல் வேலை பார்க்க வைப்பதுதான் கஷ்டம். புதுக் கான்கிரீட் உலரவும் நேரம் வேண்டும். நல்ல வெயில் காலத்தில்கூட ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலின் கைக்கணக்கு. நாலு அங்குலத்துக்கு நாலு மாதம். மும்பை மழையில் இந்தக் கணக்கு எடுபடாது. அந்த உலர்ச்சிக்குக் காத்திருக்க முடியாதவர்கள் மரத்தரையை மறந்துவிட வேண்டும். உனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவானது. அன்று நகரின் பல பகுதிகளில் கீழ்த்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் கழுவித் துடைத்து மறுபடி புழங்கக்கூடிய தரைதான் இந்த ஊரில் கீழ்வீட்டுக்குத் தரை.

இப்போது மூன்றாம் மாடிக்கு வருவோம். கொழுந்தனாருக்கு மண் ஈரம் கிடையாது. அவர் தளம் எவ்வளவு சுமக்கும் என்பதே அங்கே கேள்வி. வீட்டு அறைகளில் மனிதர், கட்டில், பீரோ எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்று வைத்துத்தான் ஐ.எஸ். 875 விதிப்படி தளத்தை வடிவமைக்கிறார்கள். அதோடு தளத்தின் சொந்த எடைக்கும் முதலில் போட்ட தரையின் எடைக்கும் தனிக் கணக்கு உண்டு. பழைய மொசைக்கைப் பெயர்க்காமல் அதன்மேல் இரண்டு அங்குலக் கலவை போட்டு முக்கால் அங்குல மார்பிள் பதித்தால் என்ன ஆகும்? கலவை மட்டும் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல், கல் 50 கிலோ. ஆக, ஆளுக்கும் சாமானுக்கும் ஒதுக்கியிருந்த 200 கிலோவில் முக்கால் பங்கை, ஒருவரும் குடிவருவதற்கு முன்பே தரை தின்றுவிடுகிறது. பழைய மொசைக் உறுதியாக இருந்து, அதன்மேல் மெல்லிய டைல்ஸைப் பசையால் ஒட்டினால் கூடுகிற எடை 30 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். முப்பது வயதைத் தாண்டிய கட்டடங்களுக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவுப்படி ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம். அந்த அறிக்கையைச் சொசைட்டி ஆபீஸில் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு மார்பிளைப் பற்றிப் பேசச் சொல். பெயர்த்துவிட்டுப் போடுவதானாலும், பிரேக்கர் மிஷினை வைத்து உடைக்கும்போது தளத்தின் கம்பி வரை போய்விடாமல் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

ஈரமும் பாரமும் தெளிவானபின் மட்டம். மேஸ்திரியிடம் டியூப் லெவல் பிடிக்கச் சொல். தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி, எல்லா அறைச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தால், ஹால் எங்கே பள்ளம், எந்த அறை உயரம் என்பதெல்லாம் எண்ணாக வந்துவிடும். பிறகு ஆறரை அடி மட்டப்பலகையைத் தரையில் கிடத்தி அடியில் பார். இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை அடுக்கினால் ஏறக்குறைய 3 மி.மீ. அந்த அடுக்கு எளிதாக நுழைந்து போகுமானால் பெரிய டைல்ஸை நேரடியாக ஒட்டக் கூடாது. முதலில் தளத்தைச் சமன் செய்ய வேண்டும். நாலடி டைல்ஸ் பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். என் அக்கா, உன் அம்மா, கால்விரலை அதில்தான் இடித்துக்கொள்வாள். புதுத் தரையின் கனம் எவ்வளவோ அவ்வளவு கதவுகளின் அடியை அறுக்க வேண்டும். வாசற்படி, பால்கனி, பாத்ரூம் மூன்றிலும் படி மாறும். பாத்ரூம் தரை ஹாலைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். வாட்டம் மீட்டருக்கு 10, 12 மி.மீ. இறங்க வேண்டும். ஹாலை மட்டும் உயர்த்திவிட்டுப் பாத்ரூமை அப்படியே விட்டால் பரவாயில்லை. பாத்ரூமை மட்டும் உயர்த்தினால் அலம்பிவிட்ட தண்ணீர் படுக்கையறைக்கு வரும்.

இனி நீ கேட்ட கேள்வி. மார்பிள் அழகுதான். ஆனால் அது சுண்ணாம்புக் கல்லின் வழி வந்தது. புளிப்பு பட்டால் அரிக்கும். எலுமிச்சை பிழியும்போது தெறித்த ஒரு சொட்டு, ரசத்துக்குக் கரைத்த புளித்தண்ணீர், இரண்டும் பளபளப்பில் மங்கிய வட்டமாக நின்றுவிடும். மஞ்சள் உள்ளே இறங்கினால் லேசில் வராது. கீழ்த்தளத்தில் வெள்ளை மார்பிள் போட்டால் ஏறி வரும் ஈரம் அதில் பழுப்புத் திட்டாகத் தெரியக்கூடும். சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். ராஜஸ்தானின் கோட்டா கல்லும், கர்நாடகத்தின் ஷாஹாபாத் கல்லும் சுண்ணாம்புக் கல்தான். ஆனால் கனமானவை, நிறம் அழுக்கை மறைக்கும், விலையும் தாங்கும். மும்பையின் பால்கனிகளும் மாடிப்படிகளும் அவற்றின்மேல்தான் காலம் தள்ளின.

விட்ரிஃபைட் டைல்ஸ் உன் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். குஜராத்தின் மோர்பியிலிருந்து வண்டி வண்டியாக வருகிறது. அது உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் அரை சதவீதத்துக்குள்தான், கறை ஏறாது. ஆனால் கண்ணாடிப் பளபளப்பை ஹாலோடு நிறுத்திக்கொள். அக்கா உன்னோடு வந்து இருக்கப் போகிறாள், முழங்கால் வலி வேறு. அவள் நடக்கும் சமையலறை, பாத்ரூம், பால்கனி மூன்றுக்கும் சொரசொரப்பான மேட் டைல்ஸ் வாங்கு. கடையில் மாதிரிக் கல்லைத் தரையில் போட்டு, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நின்று பார். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். மரத்தின் தோற்றம்தான் வேண்டுமென்றால் மரவரி பதித்த டைல்ஸ் இருக்கிறது. அக்கா நிச்சயம் ஆத்தங்குடிக் கல் கேட்பாள். கண்ணாடித் தகட்டின்மேல் நிறச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. பூஜை அறைக்கு ஆசைப்பட்டால் போடு. ஓதம் உள்ள தரையில் மட்டும் வேண்டாம். உப்பு மேலேறி அதன் நிறத்தின்மேல் வெள்ளை பூக்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நீ படம் அனுப்பாத நான்காவது ஒன்றைச் சொல்கிறேன்: இப்போது அங்கே இருக்கிற மொசைக். அதை ஏன் பெயர்க்க வேண்டும்? நாங்கள் இங்கே குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள். தரை அரசாங்கத்துடையது, நம் இஷ்டத்துக்கு உடைக்க முடியாது. அதனாலேயே மொசைக்கோடு பல வருஷம் வாழ்ந்து அதன் குணம் தெரிந்தவர்கள். நம் வீடுகளில் பதித்திருக்கிற மொசைக் கல்லின் மேல்பகுதியில் 5, 6 மி.மீ. கனத்துக்கு மார்பிள் சில்லும் சிமெண்டும் கலந்த அடுக்கு இருக்கும். பாலீஷ் மிஷின் ஒவ்வொரு முறையும் எடுப்பது அதில் மிகச் சிறு பங்கு. பல வருஷம் எண்ணெயும் பினாயிலும் படிந்து கறுத்த தரையை, தண்ணீர் ஊற்றி முரட்டுக் கல்லில் தொடங்கி நைஸ் கல் வரை மூன்று நாலு கட்டிங் ஓட்டினால், சேறாக ஒரு சாம்பல் குழம்பு ஒதுங்கும். வழித்துப் போட்டுவிட்டுக் கழுவினால் அடியிலிருந்து பச்சைச் சில்லும், சிவப்புச் சில்லும், கிளிஞ்சல் வெள்ளையும் தெரியும். இந்தச் சிமெண்டுத் தரைக் கல்லில் மும்பைக்கு நூறாண்டுப் பழக்கம். சுதேசி ஆர்வத்தில் சித்வா குடும்பத்தார் பாரத் டைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது 1922-இல். உன் வீட்டு மொசைக்கை மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே நடந்து பார். பொத்தென்று ஒலிக்கும் கற்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றால், அவற்றை மட்டும் மாற்றிப் பதித்துப் பாலீஷ் போட்டுவிடலாம். ஈரத்தை வெளியே விடும் தரை, எடை கூடாத தரை, உடைசல் அள்ள வேண்டாத தரை. உன் கீழ்வீட்டுக்கும் கொழுந்தனாரின் மேல்வீட்டுக்கும் உண்மையிலேயே பொதுவாகப் பொருந்துவது இது ஒன்றுதான்.

டைல்ஸ்தான் என்று முடிவானால் பதிக்கும்போது இரண்டு நாளாவது நீயோ மாப்பிள்ளையோ பக்கத்தில் இருங்கள். பார்க்க வேண்டியது என்ன? விட்ரிஃபைட் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே பழைய வழக்கப்படி சிமெண்டுப் பாலை ஊற்றி உட்காரவைத்தால் பிடிப்பு வராது. ஐ.எஸ். 15477 முத்திரை உள்ள டைல் பசை வேண்டும். பசையைப் பல்லுள்ள கரண்டியால் முழுக்க வரிவரியாக இழுக்க வேண்டும். நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கடாய் விழுந்த அன்று அடியில் வெற்றிடம் உள்ள இடத்தில் டைல் விரிசல் விடும். காலையில் பதித்த ஒன்றை உடனே தூக்கச் சொல். முதுகு முழுவதும் பசை ஒட்டியிருந்தால் சரி. பாதி வெறுமையாக இருந்தால் மற்றதும் அப்படித்தான் இருக்கும். அப்போதே நிறுத்திப் பேசு. ஒவ்வொரு டைலுக்கும் நடுவே 2, 3 மி.மீ. ஸ்பேசர் வேண்டும். சுவரோரம் சிறு இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூட வேண்டும். டைல் வெயிலில் விரியும்போது அதற்கு இடமில்லாவிட்டால் நடு ஹாலில் கூடாரமாகக் கிளம்பும். ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக் கூடாது. கடைசியில் சிமெண்டுக் கறை எடுக்கிறேன் என்று ஆசிட் பாட்டிலைத் திறந்தால் தடு. அது சந்துப் பூச்சை அரிக்கும். பக்கத்தில் மொசைக்கோ மார்பிளோ இருந்தால் அதையும் கெடுக்கும். வாங்கும்போது பெட்டிகளின் மேல் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றா என்று பார். நூற்றுக்குப் பத்துக் கூடுதலாக வாங்கு. மீந்ததில் ஒரு பெட்டியைக் கட்டிலுக்கடியில் போட்டுவை. ஐந்து வருஷம் கழித்து அதே டிசைன் கடையில் கிடைக்காது.

சமையலறைக்கு, அணுசக்தித் துறையில் எங்கள் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். கதிரியக்கப் பொருள் கையாளும் ஆய்வகங்களில் தரைக்குச் சந்தே இருக்கக் கூடாது. இணைப்பை உருக்கி ஒட்டிய பி.வி.சி. விரிப்போ எபாக்சியோ போடுவார்கள். சுவர் ஓரத்தில் தரை மடிந்து வளைவாக மேலேறும். சிந்திய ஒரு துளியும் ஒளிந்துகொள்ள மூலை கிடையாது, முழுக்கத் துடைத்தெடுக்கலாம். அந்தத் தரையையும் ஈரத் தளத்தின்மேல் போட்டால் கொப்பளித்துவிடும் என்பதால் தளத்தின் ஈரத்தைப் பார்த்தபிறகே கை வைப்பார்கள். நம் சமையலறைக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் சந்துகளுக்கு எபாக்சி கிரவுட் போட்டு, மேடைக்கடியில் சுவரும் தரையும் சேரும் மூலையையும் அதாலேயே பூசிவிட்டால், சாம்பாரும் எண்ணெயும் இறங்காது. கரப்பானுக்கும் வழி குறையும்.

வேலை செய்ய வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரானைட், டைல்ஸ், கான்கிரீட் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. காய்ந்தபடி வெட்டினால் எழும் புகைபோன்ற தூளில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானதுதான் நுரையீரலில் போய்த் தங்குகிறது. சிலிகோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் சொட்டும் கட்டரில்தான் வெட்ட வேண்டும், முகத்தில் துணி போதாது, நல்ல மாஸ்க் வேண்டும் என்று கான்ட்ராக்டரிடம் முதல் நாளே எழுதி வாங்கு. அதற்காக அவர் கேட்கும் கூடுதல் காசைக் கொடு. பேரம் பேசிக் குறைத்த காசை அந்தப் பையன்களின் மூச்சிலிருந்து எடுக்க வேண்டாம். உடைசலை இரவோடு இரவாகச் சாலையோரத்தில் தள்ளவிடாதே. மாநகராட்சியின் 'டெப்ரிஸ் ஆன் கால்' வண்டியைக் கூப்பிடலாம். சொசைட்டியின் அனுமதிக் கடிதமும் வேலை நேர விதியும் உன் கையில் இருந்தால் பக்கத்து வீட்டாரோடு மனஸ்தாபம் வராது.

ஆக, வரிசை இதுதான். இந்த மாதம் ஷீட் ஒட்டிப் பார்ப்பது, பாத்ரூமில் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது, மொசைக்கைத் தட்டிப் பார்ப்பது. செப்டம்பரில் கசிவும் வெளிச்சுவரும். மழை விட்டு, தீபாவளி முடிந்து காற்று காய்ந்ததும் தரை வேலை. அதற்கு நடுவே கடைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வா. அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதே. ஷீட் நனைந்திருந்தால் மரத்தரைப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிடு. காய்ந்திருந்தால் சொல், ஈரமானி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அளந்துவிட்டு மறுபடி பேசலாம். கொழுந்தனாரிடம் ஆடிட் அறிக்கையின் நகலை எனக்கு அனுப்பச் சொல். நல்ல மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன். டியூப் லெவல் அவரிடம் உண்டு. அத்தை புளிக்காய்ச்சல் செய்து வைத்திருக்கிறாள், அதுவும் வரும். பாட்டிலை மொசைக் தரையில் கொட்டிவிடாமல் வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா